எலும்புக்கூடு உடைந்த மதியம்

1990களின் நடுவில் கலிபோர்னியாவில் கான்டார் என்றொரு சிறிய நிறுவனம் ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தது. பாதாளச் சுரங்கத்துக்குள் ஒரு வீரன் இறங்குகிறான். எலும்புக்கூடுகளையும் பேய்களையும் வெட்டிச் சாய்த்துக்கொண்டு மேலும் மேலும் ஆழத்துக்குப் போகிறான். ஆட்டம் முறைவைத்து நடந்தது. வீரன் ஓர் அடி எடுத்து வைத்தால் பேயும் ஓர் அடி எடுத்து வைக்கும். அடுத்து என்ன செய்வது என்று நீங்கள் யோசித்து முடிக்கும்வரை எல்லாம் அசையாமல் நிற்கும். 1980இல் வந்த 'ரோக்' என்ற ஆட்டம் போட்ட பாதை இது. ரோக்கில் படமே கிடையாது. திரையில் தெரியும் எழுத்துகளும் குறிகளும்தான் சுவர், பேய், வாள் எல்லாம். கான்டாரின் தலைமை நிரலாளர் டேவிட் பிரெவிக்குக்கு அந்த வகை ஆட்டங்கள் மீது தீராத பிரியம்.

வெளியீட்டாளரான பிளிசார்ட் நிறுவனம் வேறொன்று கேட்டது. முறைவைப்பை எடுத்துவிடுங்கள், ஆட்டம் நிற்காமல் ஓடட்டும் என்றது. பிரெவிக் ஒப்பவில்லை. அலுவலகத்தில் வாக்கெடுப்பு வைத்தார்கள். பெரும்பாலோர் பிளிசார்டின் பக்கம் நின்றார்கள். இதற்கு நிறைய நாள் பிடிக்கும், கூடுதல் பணமும் வேண்டும் என்று பிளிசார்டிடம் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பிரெவிக் வேலையில் உட்கார்ந்தார். சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆட்டக்காரருக்காகக் காத்திருந்த 'முறை', இப்போது விநாடிக்கு 20 தடவை தானாகவே வந்து போனது. எலும்புக்கூட்டின் மேல் மவுஸை வைத்து அழுத்தினார். வீரன் நடந்துபோய் ஓங்கி ஒரு போடு போட்டான். எலும்புகள் பொலபொலவென்று உதிர்ந்தன. தன் கட்சி தோற்றது நல்லது என்று அந்தக் கணத்திலேயே பிரெவிக்குத் தெரிந்துவிட்டது. 2016இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாடு ஒன்றில் அவரே இந்தக் கதையை விரிவாகச் சொன்னார்.

அந்த ஆட்டம்தான் 'டயாப்லோ'. 1996 முடியும் தறுவாயில் வெளியாகி, இன்று 'ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி.' என்று அழைக்கப்படும் வகைக்கே அச்சாக ஆனது. நூற்றுக்கணக்கில் வரும் எதிரிகளை வெட்டிக் குவிப்பது, அவர்கள் கீழே போடும் வாளையும் கவசத்தையும் பொறுக்குவது, அவற்றால் வலிமை கூடி இன்னும் பெரிய கூட்டத்தை வெட்டப் போவது. சொல்லப்போனால் இவ்வளவுதான் ஆட்டம். இதில் ஏன் மனிதர்கள் மணிக்கணக்கில் லயித்துப்போகிறார்கள்? வன்முறை ஆசை என்றோ, டோப்பமைன் என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்பவர்கள் உண்டு. விடை ஒரு சொல்லில் அடங்காது. கை, எதிர்பார்ப்பு, தேர்வு என்று மூன்று கண்ணிகள் கோத்த சங்கிலி அது. ஒவ்வொரு கண்ணியாகப் பார்ப்போம்.

கை

கணினித் திரை பொதுவாக விநாடிக்கு 60 படங்களைக் காட்டுகிறது. ஒரு படத்துக்கு ஏறத்தாழ 17 மில்லிவிநாடி. பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் வாள் அசைவதற்கும் இடையே பத்தில் ஒரு விநாடிக்குக் குறைவாக இருந்தால் நமக்கு இரண்டும் ஒன்றாகவே நடந்ததுபோலத் தோன்றும். அதைத் தாண்டினால் வாள் நம் பேச்சைக் கேட்கவில்லை என்ற எரிச்சல் எழும்.

இந்த உணர்வை 2002இல் லண்டனில் நரம்பியலாளர் பாட்ரிக் ஹாகார்டும் அவரது குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் தானாக ஒரு பொத்தானை அழுத்துகிறார். கால் விநாடி கழித்து ஓர் ஒலி கேட்கிறது. எந்த நேரத்தில் அழுத்தினீர்கள், எந்த நேரத்தில் ஒலி கேட்டது என்று கடிகாரம் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். பங்கேற்றவர்கள் அழுத்தியதைச் சற்றுப் பிந்தியும், ஒலியைச் சற்று முந்தியும் சொன்னார்கள். அதாவது செயலையும் விளைவையும் மூளை அருகருகே இழுத்து வைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்து விரலைத் தானாகத் துடிக்கவைத்தபோது இந்த நெருக்கம் காணாமல் போனது. இரண்டும் விலகித் தெரிந்தன. இதை நான் செய்தேன் என்ற உணர்வுக்கு மூளை நேரத்தையே வளைக்கிறது என்று இதற்குப் பொருள்.

கேம் செய்பவர்கள் இந்த வளைவை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வாள் பட்ட நொடியில் படத்தைக் கண நேரத்துக்கு அப்படியே உறையவைப்பார்கள். பார்ப்பவருக்கு உறைந்தது தெரியாது. அடி கனமாக விழுந்தது என்று மட்டும் தோன்றும். கூடவே திரை ஓர் இம்மி அதிரும், எதிரி வெள்ளையாக ஒரு மின்னு மின்னுவான், பின்னால் சாய்வான், 'சதக்' என்று ஓசை வரும். கண்ணும் காதும் விரலும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் சொன்னால் மூளை அதை நம்பிவிடுகிறது. 2008இல் கேம் வடிவமைப்பாளர் ஸ்டீவ் ஸ்விங்க் கேமின் 'உணர்வு' பற்றித் தனி நூலே எழுதினார். நெதர்லாந்தைச் சேர்ந்த கேம் உருவாக்குநர் யான் வில்லம் நைமான் 2013இல் ஒரு மேடையில், வெறுமையான ஒரு சுடும் ஆட்டத்தை எடுத்து, இப்படிப்பட்ட சின்னச் சின்னச் சேர்க்கைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். பேச்சு முடிவதற்குள் சோப்ளாங்கியான அந்த ஆட்டம் மிரட்டும் ஆட்டமாக மாறியிருந்தது.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் என் அக்கா மகன் பழைய கணினி ஒன்றில் 'டயாப்லோ 2' ஆடுவான். ராத்திரியில் சத்தம் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. சத்தத்தை அடைத்துவிட்டு ஆடிப் பார்த்தவன், கொஞ்ச நேரத்தில் மூடி வைத்துவிட்டான்.

"என்னல, அதுக்குள்ள எந்திரிச்சிட்ட?"

"அடிச்ச மாதிரியே இல்ல மாமா. காத்துல கைய வீசுன மாதிரி இருக்கு."

ஆய்வகத்தில் நிரூபிப்பதை அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். விதி மாறவில்லை, எண்கள் மாறவில்லை, பேய்களும் அதே வேகத்தில்தான் விழுந்தன. ஒரு புலனுக்கு வரவேண்டிய செய்தி நின்றதும் கைக்கும் திரைக்கும் இருந்த உறவு தளர்ந்துவிட்டது. வாசகர்கள் வீட்டில் யாராவது இவ்வகை ஆட்டம் ஆடினால் இந்தச் சோதனையைச் செய்துபார்க்கலாம், செலவில்லாதது.

எதிர்பார்ப்பு

அடி எவ்வளவு சுகமாக விழுந்தாலும் ஆயிரமாவது எலும்புக்கூட்டில் சலித்துவிடும். சலிக்காமல் காப்பது அது கீழே போட்டுவிட்டுப் போகும் பொருள்.

குற்றாலச் சீசன் தெரிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். ஜூலையில் சாரல் பிடித்திருக்கும்போது குத்துக்கல்வலசையிலிருந்து பேரருவிக்குப் போகிறோம். தண்ணீர் கொட்டுகிறது. குளிக்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வியப்பில்லை, தெரிந்துதானே போனோம். ஏப்ரல் வெயிலில் சும்மா அந்தப் பக்கம் போகையில், மலையில் பெய்த கோடை மழையால் திடீரென்று அருவி விழுந்துகொண்டிருந்தால்? அந்த மகிழ்ச்சியே தனி. மாறாக, வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு சீசனில் போய் நிற்கும்போது, பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, குளிக்கத் தடை என்று போலீஸ் திருப்பி அனுப்பினால் வீடு வரும்வரை முகம் தொங்கிப்போகும். மூன்று தடவையும் அருவி ஒன்றுதான். மனம் அளந்தது தண்ணீரை அன்று. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை.

இந்த வித்தியாசத்தைக் கணக்கிடும் நரம்பணுக்களை நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் டோப்பமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வந்தபோது அணுக்கள் கண்டுகொள்ளவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அடங்கியது. பீட்டர் தயான், ரீட் மான்டேக் ஆகியோருடன் சேர்ந்து 1997இல் அவர் எழுதிய கட்டுரை, இதைக் கணினிகள் கற்கும் முறையோடு இணைத்துக் காட்டியது. அதாவது டோப்பமைன் என்பது இன்பச் சாறு இல்லை. 'நினைத்ததைவிட நல்லது', 'நினைத்ததைவிட மோசம்' என்று மூளைக்குள் ஓடும் திருத்தக் குறிப்பு. மறு ஆண்டு லண்டனில், டாங்கி ஓட்டும் ஒரு வீடியோ கேமை 8 பேரை ஆடவைத்து மூளையைப் படமெடுத்தார்கள். அவர்களுக்குச் சிறு பணப்பரிசும் இருந்தது. ஆடும்போது மூளையின் உட்பகுதியில் டோப்பமைன் வெளிப்படுவது அதில் தெரிந்தது. வீடியோ கேமையும் டோப்பமைனையும் பற்றி இன்று புழங்கும் பேச்சில் பெரும்பகுதிக்கு வேர் இந்தச் சிறிய சோதனைதான்.

இப்போது 'டயாப்லோ 2' பக்கம் வருவோம். 2000இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில், எதிரி சாகும்போதெல்லாம் கணினி உள்ளுக்குள் பகடை உருட்டுகிறது. பெரும்பாலும் ஒன்றும் விழாது, அல்லது சில நாணயங்கள். சிலசமயம் ஒரு பொருள். அதன் பெயர் எந்த நிறத்தில் தெரிகிறது என்பதில்தான் உயிர்: சாதாரணம் வெள்ளை, மந்திரம் ஏறியது நீலம், அரியது மஞ்சள், ஒரு தொகுதியின் உறுப்பு பச்சை, தனித்தன்மை கொண்டது பொன்நிறம். பொருளின் குணங்களை நின்று படிப்பதற்கு முன்பே நிறம் மனதைத் தொட்டுவிடுகிறது. குரங்குக்கு விளக்கு எரிந்ததுபோல, அக்கா மகனுக்குப் பொன்நிற எழுத்து.

எத்தனையாவது அடிக்குப் பரிசு என்று தெரியாமல் வைத்தால் உயிரினம் சலிக்காமல் அடித்துக்கொண்டே இருக்கும் என்பதைப் புறாக்களை வைத்து உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் காட்டினார், சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரோடு அவர் எழுதிய பெருநூல் 1957இல் வந்தது. சூதாட்ட இயந்திரங்களின் அடிப்படையும் இதுதான். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. விரும்பித் தேடுவதும் கிடைத்ததை ரசிப்பதும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன என்று நரம்பியலாளர் கென்ட் பெரிட்ஜ் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார். ரசிப்பு வற்றிய பிறகும் தேடல் ஓடிக்கொண்டிருக்கலாம். எதிர்பார்ப்பு என்ற கண்ணியை மட்டும் வைத்து ஆட்டம் செய்தால் அந்த வறட்சிக்குத்தான் போய்ச் சேரும்.

விற்பனைக்கு வந்த வாள்

இதை உலக அளவில் பரிசோதித்துக் காட்டியது பிளிசார்டே. 2012 மே 15 அன்று 'டயாப்லோ 3' வெளியானது. அதில் ஏலக்கடை ஒன்று இருந்தது. தேவையில்லாத பொருளை விற்கலாம், தேவையானதை வாங்கலாம். ஆட்டத்துக்குள் கிடைக்கும் பொற்காசுக்கு ஒரு கடை, சில வாரங்கள் கழித்து நிஜப் பணத்துக்கு இன்னொரு கடை. பொருளியல் பார்வையில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு: வேண்டாதவரிடமிருந்து வேண்டுபவருக்குப் பொருள் போகிறது, இருவருக்கும் லாபம்.

ஆட்டம் பாழானது. காரணத்தை மேலே பார்த்த கணக்கிலிருந்தே வருவிக்கலாம். உலகம் முழுக்கப் பகடை உருட்டுபவர்களுக்குக் கிடைத்ததில் சிறந்தவை எல்லாம் கடையில் இருக்கின்றன. கொஞ்சம் காசு கொடுத்து ஒரு வாளை வாங்கிவிட்டால், அதன்பின் உங்கள் பேய்கள் கீழே போடுவது எதுவும் அதற்கு ஈடாகாது. ஒவ்வொரு பொருளும் ஏமாற்றம். திருத்தக் குறிப்பு எப்போதும் 'மோசம்' என்றே வரும். வாள் வலிமையாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வாளுக்குப் பின்னால் ஆடியவரின் ஓர் இரவுகூட இல்லை. போதாக்குறைக்கு, மந்திரவாதியாக ஆடுபவருக்கு மல்லனுக்கான கவசமாக விழுந்துகொண்டிருந்தது. கடைக்குப் போகாமல் தீராது என்ற நிலை.

2013 செப்டம்பரில் பிளிசார்ட் கடையை மூடப்போவதாக அறிவித்தது. 2014 மார்ச் 18 அன்று மூடியது. பேய்களைக் கொன்று பொருள் சேர்ப்பதென்னும் மையத்தைக் கடை குலைத்துவிட்டது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதையொட்டிப் பொருள் விழும் விதிகளையும் திருத்தினார்கள்: குறைவாக விழும், விழுவது பெரும்பாலும் ஆடுபவரின் பாத்திரத்துக்குப் பொருந்தும், ஆடும் விதத்தையே மாற்றும் பொருள்கள் கூடுதலாகக் கிடைக்கும். ஆட்டம் உயிர்பெற்று எழுந்தது. வாள்கள் அதேபோன்ற வாள்கள்தான். கைக்கும் பரிசுக்கும் நடுவே அறுந்திருந்த இழையைத் திரும்ப முடிந்தார்கள், அவ்வளவே.

தேர்வு

மூன்றாவது கண்ணி வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது. பின்னால் நின்று பார்க்கும் பெற்றோருக்குத் தெரிவது வெட்டும் காட்சி மட்டும். ஆடுபவரோ பாதி நேரம் ஒரு வரைபடத்தின் முன்னால் யோசித்துக்கொண்டிருக்கிறார். அதற்கு 'ஸ்கில் மரம்' என்று பெயர்.

'டயாப்லோ 2' ஆட்டத்தில் ஒவ்வொரு வகை வீரருக்கும் மூன்று மரங்கள், மொத்தம் 30 திறன்கள். ஒரு நிலை ஏறினால் ஒரு புள்ளி. எதில் போடுவது என்பது ஆடுபவர் விருப்பம். இறந்தவர்களை எழுப்பும் மாந்திரீகனை எடுத்துக்கொண்டால், எலும்புக்கூட்டுப் படையைக் கிளப்பிவிட்டு ஓரமாக நிற்கலாம். எலும்பு ஈட்டியைத் தானே எறியலாம். விழுந்த பிணங்களை வெடிக்கவைத்துக் கூட்டத்தையே சிதறடிக்கலாம். மூன்றும் மூன்று ஆட்டம். 2013இல் நியூசிலாந்திலிருந்து வந்த 'பாத் ஆஃப் எக்ஸைல்', ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணுக்கள் கொண்ட ஒரே மாபெரும் மரத்தை விரித்து வைத்தது. அதில் எந்தப் பாதையில் போவது என்பதைத் தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு.

இந்தியாவில் இந்த வகையை நேராகத் தொட்ட ஆட்டம் ஹைதராபாத்தின் ஓகர் ஹெட் ஸ்டூடியோ 2017இல் வெளியிட்ட 'அசுரா'. ஆடுபவர் இதில் அசுரன். பகை தீர்க்கத் தேவர்களின் படையை வெட்டிக்கொண்டு போகிறான். செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுரங்கங்களோடு ஸ்கில் மரமும் ஒவ்வொரு தடவையும் மாறும் என்பதுதான் அதன் புதுமை. போன தடவை கைகொடுத்த வழி இந்தத் தடவை மரத்திலேயே இருக்காது. பகடை இங்கே பரிசில் மட்டும் விழவில்லை, தேர்விலும் விழுகிறது. கையில் வந்ததை வைத்து ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும். புனேயின் நோடிங் ஹெட்ஸ் 2020இல் வெளியிட்ட 'ராஜி'யை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தோல்பாவை நிழல்களால் கதை சொல்லும் அழகான ஆட்டம் அது. ஆனால் பாதை ஒன்றுதான். கதை முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. இரண்டும் வெவ்வேறு பசிக்கான சாப்பாடு.

ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்களுக்குக் கேம் ஏன் பிடிக்கிறது என்பதை மூன்று தேவைகளாகப் பிரித்தது: எனக்கு இது கைவருகிறது, இது என் சொந்தத் தீர்மானம், நான் தனியாக இல்லை. முதலிரண்டையும் ஸ்கில் மரம் நேரடியாக ஊட்டுகிறது. அடுத்தடுத்த பகுதிகளில் எதிரியின் வலிமையும் ஏறிக்கொண்டே போவதால் முன்னேற்றம் சிலசமயம் தெரியாது. ஆனால் பழைய பகுதிக்குத் திரும்பிப் போனால், ஒருகாலத்தில் ஓடவைத்த கூட்டம் ஒரே வீச்சில் விழும். வளர்ந்திருக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அக்கா மகன் ஒருநாள் பலமான இரும்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு இலேசான தோல் கவசம் ஒன்றைப் போட்டுக்கொண்டான். காரணம் கேட்டேன். "அதப் போட்டா நின்னு அடிவாங்கணும் மாமா. எனக்கு ஓடி ஓடி அடிக்கத்தான் தோது. இதுல வேகம் கூட." தன் கையின் இயல்பு தெரிந்து கருவியைத் தேர்ந்திருக்கிறான். அந்தத் தேர்வு உடனே கைக்குத் திரும்பிவிடுகிறது: அடுத்த அடியின் வேகம் வேறு, ஓசை வேறு, எதிர்பார்ப்பும் வேறு. கடைசிக் கண்ணி முதல் கண்ணியில் கோத்துக்கொள்வது இப்படித்தான்.

காசு நுழையும் இடம்

இத்தாலியரான லூகா கலான்டே முன்பு சூதாட்டத் துறையில் வேலை பார்த்தவர். அவர் உருவாக்கிய 'வாம்பயர் சர்வைவர்ஸ்' ஆட்டத்தில் பெட்டி திறக்கும்போது சூதாட்ட இயந்திரத்தின் ஒளியும் ஓசையும் அப்படியே வரும். ஆனால் ஆட்டத்தின் விலை சொற்பம், பெட்டி திறக்கத் தனியாகக் காசு கிடையாது. 2023இல் பாஃப்டாவின் சிறந்த கேம் விருது அதற்குக் கிடைத்தது. 2022இல் கைப்பேசிக்கு வந்த 'டயாப்லோ இம்மார்ட்டல்' இதற்கு நேர்மாறு. ஆட்டம் இலவசம், அரிய மணிகள் கிடைக்கும் வாய்ப்பைக் கூட்ட நிஜப் பணம் கட்டலாம். காசு கட்டித் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் மீது கடுமை காட்டிய பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அது அப்போது வெளியாகவில்லை. ஒரே பகடைதான். ஒன்றில் உருட்டுவது ஆடுபவரின் கை, மற்றதில் அவர் சட்டைப்பை.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. வாளுக்காகவும் மணிக்காகவும் கைப்பேசியில் கரையும் காசு வேறு கணக்கு. அதை வீட்டில்தான் கவனிக்க வேண்டும். ஆட்டத்தால் படிப்பு, தூக்கம், உறவு எல்லாம் கெட்டு, நிறுத்த முடியாமல் தவிக்கும் நிலையை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே பட்டியலிட்டிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்று 'ஷட்' சிகிச்சைப் பிரிவு 2014 முதல் இயங்குகிறது. அந்த நிலைக்குப் போனவர்களுக்கு அறிவுரை போதாது. மருத்துவ உதவிதான் வேண்டும்.

மற்றப் பெற்றோருக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. பிள்ளை எத்தனை மணி நேரம் ஆடுகிறது என்பதோடு நிறுத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த ஸ்கில்லை ஏன் எடுத்தாய்?" என்று கேளுங்கள். மடை திறந்ததுபோலப் பதில் வந்தால் சங்கிலி முழுதாக இருக்கிறது. பிள்ளை ஆடுகிறது, யோசிக்கிறது, தீர்மானிக்கிறது. "இன்னைக்குக் கணக்குக்கு இன்னும் நாலு பெட்டி திறக்கணும்" என்பது மட்டுமே பதிலானால், தேர்வு கழன்று எதிர்பார்ப்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிந்து வைத்த வங்கி அட்டையையும் அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.